அடுப்புக்கு மேல மாட்டின மைக்ரோவேவ்ல கரி ஃபில்டர் – கழுவலாமா, மாத்தித்தான் ஆகணுமா?

நெய்ரோஸ்ட்_எடிசன்:

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சில அபார்ட்மென்ட்ல இருக்கோம், கேஸ் அடுப்புக்கு நேர் மேல சுவத்துல மாட்டின மைக்ரோவேவ், புகை இழுக்கற ஃபேனும் அதுலயே அடியில இருக்கிற டைப். வந்த புதுசுல தாளிச்சா கொஞ்ச நேரத்துல வாடை போயிடும், இப்ப ராத்திரி வத்தக்குழம்பு வச்சா மறுநாள் காலைல கதவத் தொறந்து உள்ள வந்தா அப்படியே நிக்குது, ஹால்ல தொங்குற ஜாக்கெட் எல்லாம் பெருங்காய வாசம், வீட்டுக்காரர் ஆபீஸ் போட்டுட்டு போக கூச்சப்படறார். குளிர்காலம் வேற, ஜன்னலத் தொறக்க முடியாது.

ஃபேன் சத்தம் மட்டும் நல்லா வருது. அடியில இருக்கிற ரெண்டு வலையையும் கழட்டி சோப்பு போட்டு கழுவிட்டேன், அப்பவும் அதே கதைதான். பக்கத்து வீட்டு அக்கா, மேல உள்ள கருப்பா ஒரு கரி ஃபில்டர் இருக்கும் அத மாத்துன்னு சொல்றாங்க. எங்க இருக்குன்னே தெரியல, மேனுவலும் கிடையாது. அது கழுவக்கூடியதா? ஊர்லேருந்து வந்திருக்கிற அத்தை, கழுவி வெயில்ல போட்டா சரியாயிடும் காசு கொட்டாதேன்னு சொல்றாங்க. இங்க வெயில் எங்க இருக்கு அது வேற விஷயம். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்பேனர்_டல்லாஸ்:

தங்கச்சிமா, ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. உங்க மைக்ரோவேவ் காத்த வெளிய தள்ளுதா இல்ல இழுத்த காத்தயே திரும்ப வீட்டுக்குள்ள விடுதா? ஃபேன ஹைல போட்டுட்டு மைக்ரோவேவ் முன்பக்கம் மேல, கதவுக்கு மேல நீளமா சீப்பு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அங்க ஒரு டிஷ்யூ பேப்பர பிடிங்க. உங்க மூஞ்சிப் பக்கம் பறந்தா காத்து வீட்டுக்குள்ளயே சுத்துது, அப்ப கரி ஃபில்டர் கட்டாயம் வேணும். அசையாம நின்னா காத்து குழாய் வழியா வெளிய போகுதுன்னு அர்த்தம், அந்த வழியில கரி ஃபில்டர் வராது, மாத்தினாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

வெளிய போகாத டைப்னு வச்சிக்குவோம். அடியில நீங்க கழுவின வலை அலுமினியம், அது எண்ணெய்ப் பிசுக்க பிடிக்கும், கழுவிக் கழுவி வருஷக்கணக்கா ஓட்டலாம். மேல இருக்கறது கரி, அது வாடையப் பிடிக்கும், கழுவக்கூடாது, தூக்கிப் போட்டு புதுசு மாத்தணும். கம்பெனிக்காரங்க பொதுவா 6 மாசத்துக்கு ஒருக்கான்னு போடுவாங்க, ஆனா அது முட்டையும் பாஸ்தாவும் செய்யற வீட்டுக் கணக்கு, நம்ம வீட்ல தினம் ரெண்டு வேளை தாளிப்பு, அதனால வாடை எப்ப நிக்க ஆரம்பிக்குதோ அப்ப மாத்துங்க, காலண்டர பாக்காதீங்க. சில மாடல்ல ஃபில்டர் மாத்தச் சொல்லி ஒரு லைட் எரியும், அது பெரும்பாலும் ஃபேன் ஓடின மணிக்கணக்க வச்சுதான், கரிய மோந்து பாத்து சொல்றதில்ல.

கழட்டறது எப்படின்னா, முதல்ல கரண்ட் ஆஃப் பண்ணுங்க. பிளக் பெரும்பாலும் மேல உள்ள கப்போர்டுக்குள்ள இருக்கும், பிடுங்கிடுங்க, எட்டலேன்னா ப்ரேக்கர இறக்குங்க. அடுப்பு ஆறியிருக்கணும், அதுமேல சாஞ்சுதான் வேலை பாக்கப் போறீங்க. மேல கப்போர்டு கதவையும் மைக்ரோவேவ் கதவையும் தொறந்துக்கோங்க. அந்த சீப்பு மாதிரி கிரில்லுக்கு மேல் விளிம்புல, கப்போர்டு அடிக்கும் மைக்ரோவேவுக்கும் நடுவுல, ரெண்டோ மூணோ ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். குட்டையான ஸ்க்ரூ டிரைவர் இருந்தா உசிரு போகாம கழட்டலாம். ஸ்க்ரூ எடுத்ததும் கிரில் சிலதுல இடது பக்கம் லேசா தள்ளினா வரும், சிலதுல முன்னாடி சாச்சு தூக்கணும், பிளாஸ்டிக் கொக்கி உடையும் அதனால வம்பா இழுக்காதீங்க. உள்ள சாய்வா நிக்கும் கருப்பா ஒரு அட்டை, அதுதான். எந்தப் பக்கம் முன்னாடி பாத்திருக்குன்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு உருவுங்க.

சில மாடல்ல ஸ்க்ரூவே இருக்காது, கிரில்ல அமுக்கினா மடங்கி இறங்கும். இன்னும் சிலதுல கரி ஃபில்டர் அடியில அந்த வலைக்குப் பின்னாடியே இருக்கும். அதனால மாடல் நம்பர் முக்கியம், மைக்ரோவேவ் கதவத் தொறந்தா உள் சட்டத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அந்த நம்பர அப்படியே போட்டு தேடினா ஃபில்டர் பார்ட் நம்பர் வந்துடும். கண்ணளவுல பாத்து வாங்காதீங்க. அளவு கொஞ்சம் சின்னதா இருந்தாலும் காத்து ஓரத்து இடுக்குல புகுந்து போயிடும், கரியத் தொடவே தொடாது.

ஒண்ணே ஒண்ணு, வெளிப் பொட்டிய மட்டும் கழட்டிடாதீங்க. உள்ள இருக்கற கெப்பாசிட்டர் பிளக்க பிடுங்கின அப்புறமும் ஷாக் அடிக்கும், ஆளையே காலி பண்ற அளவுக்கு. ஃபில்டர் மாத்த அதத் தொறக்க வேண்டிய தேவையே இல்ல.

மதுரை_மல்லி_88:

எதுக்குங்க இதுக்குப் போயி டாலர் செலவு பண்றீங்க, சுடுதண்ணில ஆப்ப சோடா போட்டு ஒரு நைட் ஊற வச்சு, நல்லா அலசி காய வச்சு திரும்ப மாட்டுங்க, நான் அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன் ஒண்ணும் ஆகல. அதெல்லாம் கம்பெனிக்காரன் விக்கறதுக்கு சொல்றது. அத்தை சொல்றதுல தப்பே இல்ல 😄

லேப்கோட்:

மல்லி, கம்பெனி விக்கறதுக்குத்தான் சொல்வான், அது நெசம், ஆனா இந்த விஷயத்துல அவன் சொல்றது சரி. இது அடுப்புக்கரி மாதிரி சும்மா கரி இல்ல, ஆக்டிவேட்டட் கார்பன். உள்ள கண்ணுக்குத் தெரியாத துளை கோடிக்கணக்குல இருக்கும், ஒரே 1 கிராம் கரிக்குள்ள இருக்கற பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல, நம்ம ஊர் கணக்குல ரெண்டு கிரவுண்டு நிலத்துக்கும் மேல வரும். வாடை தர்ற மூலக்கூறுங்க அந்த சுவர்ல போய் ஒட்டிக்கும், இடம் ரொம்பிட்டா அவ்ளோதான். ஒட்டினத தண்ணியும் சோடாவும் எடுக்காது, வெயிலும் எடுக்காது. ஃபேக்டரில இந்தக் கரிய புதுப்பிக்கணும்னா 800 டிகிரி பக்கம் சூடு பண்ணி நீராவி விடுவாங்க. மொட்டைமாடில அது நடக்காது.

அதுலயும் நம்ம சமையல்ல வேற ஒரு பிரச்சினை. வலைய தாண்டி வர்ற பொடிப்பொடி எண்ணெய்த் துளி கரி மேல படிஞ்சு துளை வாய அடைச்சிடும், உள்ள இடம் காலியா இருந்தாலும் வாடை உள்ள போக முடியாது. இட்லி ஆவி, குக்கர் ஆவி பட்டாலும் வேலை குறையும். அதனால கீழ வலை சுத்தமா இருந்தாத்தான் மேல கரிக்கு ஆயுசு. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, வலைய கண்டுக்கறதே இல்ல கரிய மட்டும் மாத்திட்டு ரெண்டு மாசத்துல மறுபடியும் நாறுதுன்னு சொல்றது.

மல்லிக்கு ஒண்ணும் ஆகலன்னா, ஒண்ணு காத்து வெளிய போற டைப்பா இருக்கும், இல்ல உங்க மூக்கு பழகியிருக்கும். வீட்டுக்கு வர்ற விருந்தாளிய கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல. புதுசு மாட்டினாலும் கரி ஃபில்டர் வாடைய மட்டும்தான் குறைக்கும். ஈரம் போகாது, சூடு போகாது. கேஸ் அடுப்புலேருந்து வர்ற கார்பன் மோனாக்சைட இது பிடிக்கவே பிடிக்காது, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் இத நம்ப முடியாது. அதனால குளிரா இருந்தாலும் சமைக்கறப்ப ஜன்னல ரெண்டு விரக்கடை தொறந்து வைங்க, கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம இருக்காதீங்க.

வேளச்சேரி_வெங்காயம்:

எனக்கு ஒண்ணும் புரியல, எங்க வீட்டு மைக்ரோவேவ் மேடை மேல இருக்கு, அதுல கரியும் இல்ல வலையும் இல்லயே??

ஸ்பேனர்_டல்லாஸ்:

வெங்காயம், உங்களுது மேடைல வைக்கறது, அதுல இருக்காது, தேடாதீங்க. இங்க அமெரிக்கா கனடா பக்கம் அடுப்புக்கு மேல சிம்னி வைக்கற எடத்துல மைக்ரோவேவயே மாட்டிடுவாங்க, 30 இன்ச் அகலத்துல, ரெண்டு வேலையும் ஒண்ணே பாக்கும். உங்க ஊர்ல இதுக்கு சமம் கிச்சன் சிம்னி. குழாய் போடாத சிம்னி வாங்கியிருந்தா அதுலயும் இதே கரி ஃபில்டர்தான், இதே தொல்லைதான். குழாய் வச்சு வெளிய விட்டிருந்தா கரி வேண்டாம்.

வேளச்சேரி_வெங்காயம்:

ஓ அப்படியா, பக்கத்து ஃப்ளாட்ல குழாய் இல்லாம மாட்டியிருக்காங்க, கருவாடு வறுத்தா மூணு மாடிக்கும் தெரியுது, இப்ப புரியுது 😂

நெய்ரோஸ்ட்_எடிசன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிஷ்யூ வச்சுப் பாத்தேன், நேரா மூஞ்சில வந்து அடிச்சுது. ஸ்க்ரூ ரெண்டு இருந்துச்சு, ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரியே கிரில் இடது பக்கம் தள்ளினதும் வந்துடுச்சு. உள்ள ஃபில்டர் பாத்தா கருப்பே இல்ல, பழுப்பா பஞ்சு மாதிரி தூசி படிஞ்சு கையில ஒட்டுது, நாங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துலேருந்தே இருக்கும் போல. கடைல ஒரிஜினல் 30 டாலர் கிட்ட காட்டுது, வேற கம்பெனி பாதி விலைக்கு ரெண்டு சேத்து தர்றான். எது வாங்கலாம்?

அப்புறம் ஒரு விஷயம், பிளக் பிடுங்க கப்போர்டு தொறந்தேன்ல, உள்ள சாமானுக்குப் பின்னாடி ஒரு வெள்ளிக் கலர் தகரக் குழாய் மைக்ரோவேவ் தலையிலேருந்து மேல போகுது. அது என்ன? குழாய் இருந்தா காத்து வெளிய போகணும்ல?

ஸ்பேனர்_டல்லாஸ்:

அடடா, அந்தக் குழாயத்தான் முதல்ல கேட்டிருக்கணும் எல்லாரும், நல்லவேளை பாத்தீங்க. இந்த மைக்ரோவேவுங்க மூணு விதமா காத்த விடும், மேல குழாய் வழியா, பின்னாடி சுவத்து வழியா, இல்ல முன்னாடி வீட்டுக்குள்ள. உள்ள இருக்கற ப்ளோயர எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோமோ அந்தப் பக்கம் விடும். பொட்டியப் பிரிக்கறப்ப நிறைய மாடல் வீட்டுக்குள்ள விடற மாதிரிதான் வரும், மாட்டறவர் திருப்பணும். அவசரத்துல திருப்பாம மாட்டிட்டு போயிடறது இங்க சர்வ சாதாரணம், குழாய் சும்மா அலங்காரமா நிக்கும். உங்க வீட்லயும் அப்படித்தான் இருக்கும்னு என் சந்தேகம்.

திருப்பிட்டா உங்களுக்கு கரி ஃபில்டரே வேணாம், வாடை, ஆவி, கேஸ் புகை எல்லாமே வெளிய போயிடும். ஆனா நீங்களும் வீட்டுக்காரரும் இறங்கிடாதீங்க, முழு மைக்ரோவேவையும் சுவத்து தகட்டுலேருந்து இறக்கணும், 25 கிலோ பக்கம் வரும், கீழ அடுப்பு வேற. வாடகை வீடுன்னா அது ஓனர் வேலை. அபார்ட்மென்ட் ஆபீஸ்ல மெயின்டனன்ஸ் ரிக்வெஸ்ட் போடறப்ப ‘வாடை அடிக்குது’ன்னு மட்டும் எழுதாதீங்க, வந்து கரிய மாத்திட்டு போயிடுவாங்க. ‘குழாய் இருக்கு, ஆனா காத்து முன்னாடி வருது, ப்ளோயர் திசையப் பாருங்க’ன்னு எழுதி, டிஷ்யூ பறக்கற வீடியோவும் சேத்து அனுப்புங்க.

அதனால ரெண்டு பேக் வாங்காதீங்க, ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. ஒரிஜினல்தான்னு கட்டாயம் இல்ல, ஆனா தொட்டா உள்ள கரிக் குருணை இருக்கறது தெரியணும். வெறும் கருப்புத் துணி மாதிரி மெல்லிசா இருக்கறத வாங்காதீங்க, அதுல கரியே கொஞ்சம்தான்.

லேப்கோட்:

வலை கழுவறதப் பத்தி கொஞ்சம். மாசத்துக்கு ஒருக்கா, டப்ல நல்ல சூடான தண்ணி, பாத்திரம் கழுவற லிக்விட் தாராளமா ஊத்தி ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ல லேசா தட்டித் தேய்ங்க, முழுசா காஞ்ச அப்புறம் மாட்டுங்க. அம்மோனியா கலந்த க்ளீனர், ப்ளீச் ரெண்டும் வேணாம், அலுமினியம் கருத்துப்போகும். டிஷ்வாஷர்ல போட்டாலும் சில நேரம் கருக்கும், அது பாக்க அசிங்கமே தவிர வேலை செய்யும்.

தாளிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே ஃபேன போட்டுடுங்க, முடிஞ்சும் ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும். முக்கியமா பின் அடுப்புல வைங்க. இந்த மைக்ரோவேவ் முன் அடுப்புக்கு மேல அவ்ளோ நீட்டிக்கிட்டு இருக்காது, முன்னாடி மிளகா வறுத்தா பாதி நெடி ஃபேன் பக்கம் போகாமலே நேரா ஹாலுக்குத்தான் போகும்.

மதுரை_மல்லி_88:

சரி, நானும் போய் டிஷ்யூ பிடிச்சுப் பாத்தேன், அசையவே இல்ல, எங்களுது வெளிய போற டைப்தான் போல. சோடா மிச்சம் 😄 ஆனா எனக்கு ஒரு சந்தேகம், ஃபேன நான் போடாமயே சில நேரம் தானா ஓட ஆரம்பிக்குது, ஆஃப் பண்ணாலும் நிக்க மாட்டேங்குது, ரிப்பேரா?

ஸ்பேனர்_டல்லாஸ்:

ரிப்பேர் இல்ல. கீழ அடுப்பு சூடு ரொம்ப ஏறினா மைக்ரோவேவ் தன்னோட எலக்ட்ரானிக்ஸ காப்பாத்திக்க தானா ஃபேன போட்டுக்கும், சூடு இறங்கினதும் நிக்கும். ஆனா அடுப்பே பத்த வைக்காதப்ப ஓடுதுன்னா ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. அப்புறம் வீட்டு வெளிச்சுவத்துலயோ கூரைலயோ குழாய் முடியற எடத்துல ஒரு மூடி இருக்கும், ஃபேன் ஓடறப்ப அது தொறக்குதான்னு கீழேருந்தே பாருங்க. பிசுக்கு பிடிச்சு ஒட்டிக்கிட்டாலும் பறவை கூடு கட்டினாலும் காத்து வெளிய போகாது.

நெய்ரோஸ்ட்_எடிசன்:

ரிக்வெஸ்ட் போட்டாச்சு, வீடியோவோட. வியாழக்கிழமை வர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஃபில்டர் ஒண்ணு மட்டும் ஆர்டர் பண்ணியிருக்கேன், திருப்பி அனுப்பற வசதி இருக்கற கடைலதான். அத்தை மட்டும் பழசத் தூக்கிப் போட விட மாட்டேங்கறாங்க, ஷூ ரேக்ல வைக்கலாமாம் 🤦‍♀️

லேப்கோட்:

வேணாம், வத்தக்குழம்பு வாசத்தோட ஷூ ஆபீஸ் போகும். குப்பைல போடுங்க.