ஏற்காட்டுல போட்டிங் வேணாம், நடக்கணும், பழைய கதையும் வேணும். எங்க போலாம்?

ஈரோட்டுக்காரன்:
வர்ற சனிக்கிழமை நானும் அப்பாவும் கார்ல ஏற்காடு வர்றோம்ங்க. ஏரி, லேடீஸ் சீட் செல்ஃபி எல்லாம் முன்னாடியே ஆச்சு. அப்பா ரிட்டையர்ட் ஹிஸ்டரி வாத்தியார், எனக்கு கொஞ்சம் நடக்கணும், ரெண்டுக்கும் தோதா இடம் சொல்லுங்க. கிளியூர் ஃபால்ஸ் அவரால முடியுமா? 20 கொண்டை ஊசின்னாலே எனக்கு கை வேர்க்குது, அதையும் சொல்லிருங்க.

சேலத்துமாம்பழம்:
ஏறுறது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க, இறங்கும்போதுதான் கவனம். செகண்ட் கியர்லயே விடுங்க, பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தீங்கன்னா அடிவாரம் வர்றதுக்குள்ள கருகுன வாசனை வந்துரும். குப்பனூர் ரோட்டுல கூட்டம் கம்மி ஆனா குறுகல், உங்களுக்கு வேணாம். கிளியூர் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம், திரும்பி படி ஏறி வர்றப்ப முட்டி கழண்டுரும், நல்ல மழை பேஞ்சு ஏரி வழிஞ்சாத்தான் அங்க தண்ணியே இருக்கும்.

காப்பித்தோட்டம்:
வாத்தியார்னா ஹோலி ட்ரினிட்டி சர்ச்சுக்கு கூட்டிட்டு போங்க. 1863ல பல்லாவரத்துல கற்காலக் கோடாரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் ரிட்டையர் ஆகி ஏற்காட்டுலதான் குடியிருந்தாரு, 1912ல கல்கத்தாவுல செத்தும் அஸ்தி இந்த சர்ச்சுலதான் இருக்கு. போட்டிங் க்யூவுல நிக்கிற பாதிப்பேருக்கு இது தெரியாது! அப்புறம் காப்பி. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இங்க காப்பி கொண்டுவந்தாரு. எஸ்டேட் ஓரமா நடந்தா சில்வர் ஓக்ல மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழ காப்பிச்செடி. கோடை மழைக்கு அப்புறம் வந்தா பூ வெள்ளையா கொட்டிக்கிடக்கும், வாசனை ரோடு வரைக்கும் அடிக்கும். சாயந்தரம் காட்டெருமை வரும், கிட்ட போய் போட்டோ எடுக்காதீங்க.

நாட்டுக்காரன்:
வெள்ளைக்காரன் கதையோட நிறுத்திட்டீங்களே அண்ணா. மலையோட பேரே சேர்வராயன் சாமி பேரு, அவர் கோயிலுக்கு போகாம என்ன வரலாறு? 5,300 அடிக்கு மேல, மலை உச்சியில குகைக்குள்ள இருக்கு, குனிஞ்சுதான் உள்ள போகணும், சேர்வராயனும் காவேரி அம்மனும் பக்கத்து பக்கத்துல. மே மாசம் திருவிழாவுக்கு மலையாளி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலைப் பழங்குடிங்க) ஊர் ஊரா வருவாங்க. முன்னோருங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்ததா அவங்க சொல்லுவாங்க, உங்கப்பா பெரியவங்க யார்கிட்டயாவது உக்காந்து கேக்கட்டும். இந்த மலையில பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு கொண்டுபோனதும் வரலாறுதான், அதை எந்த கைடும் சொல்ல மாட்டான்.

ஈரோட்டுக்காரன்:
ஃபூட் பேரை சொன்னதுமே அப்பா பையை எடுத்து வெச்சுட்டாரு 😄 கோயில் வரைக்கும் கார் போகுமாங்க?

நாட்டுக்காரன்:
போகும். காலையிலயே போயிருங்க, மதியம் பனி மூடுனா ஒண்ணும் தெரியாது.