மூளையிலிருந்து எடுத்த எலி ஸ்டெம் செல்களைக் குடல் நரம்பு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

காந்தள்:
சிங்கப்பூரில் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தின் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் முதுகலை மாணவி. குடல் நரம்புகள்தான் தலைப்பு. எங்கள் உறைகலத்தில், எலிக்கருவின் மூளைப்புறணியிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்கள் இரண்டு குப்பிகள் இருக்கின்றன, விலைக்கு வாங்கியவை. குடலிலிருந்து எடுப்பதற்குப் பதில் இவற்றையே வளர்க்கலாமா? எலிக்குட்டியின் குடலில் ஒருமுறை முயன்றேன். இரண்டாம் நாள் கிண்ணம் கலங்கியது, மூன்றாம் நாள் நாறியது. பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய பிப்பெட்:
தங்கச்சி, முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூளைச் செல்கள், கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழாயில் பிறப்பவை. குடல் நரம்புகளின் மூலச் செல்கள் அந்தக் குழாயின் விளிம்பில் தோன்றும் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு, கருவிலேயே குடல் நெடுக நடந்து குடியேறியவை. அந்த நடை பாதியில் நின்றுபோனால் ஹிர்ஷ்ப்ருங் நோய்: குடலின் கடைக்கோடியில் நரம்பு முடிச்சுகளே இருக்காது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது வருகிறது. குடியேற்றம் பற்றி ஆராய்கிறீர்கள் என்றால், அந்த வழியில் வந்தேயிராத செல்லிடம் என்ன கேட்பீர்கள்? ஆனால் இரண்டு வகையிலும் நரம்பு ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதமான நெஸ்டின் தெரியும், இரண்டும் உருண்டையாக மிதக்கும், முதிரவிட்டால் இரண்டிலும் நரம்புகளின் துணைச் செல்களைக் காட்டும் ஜிஎஃப்ஏபி புரதம் ஒளிரும். படம் அழகாக வரும், நானே ஏமாந்திருக்கிறேன். நரம்பு முகட்டுச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் பி75 ஏற்பியையும் பாருங்கள். வளர்ந்த எலியின் குடலிலிருந்து நரம்பு முகட்டு ஸ்டெம் செல்களை 2002இல் பிரித்துக் காட்டியபோதும் அதைத்தான் அடையாளமாகப் பிடித்தார்கள்.

கலங்கலுக்கு வருவோம். குடலுக்குள் என்ன இருக்கும் என்று தெரியாதா? ஆன்டிபயாட்டிக் கலந்த குளிர்ந்த உப்புக்கரைசலைப் பீய்ச்சி, நீர் தெளியும்வரை கழுவுங்கள். பிறகு குடல் துண்டை மெல்லிய கண்ணாடிக் கோலில் உறைபோல் மாட்டி, குடல்தாங்கிச் சவ்வு ஒட்டியிருந்த கோட்டோரம் நனைத்த பஞ்சுக்குச்சியால் தேயுங்கள். ஓரம் விட்டதும், வெங்காயத்தின் மெல்லிய சவ்வுபோல வெளித்தசை கழன்று வரும். உங்களுக்கு வேண்டிய நரம்பு வலையான அவுர்பாக் பின்னல் அதோடுதான் ஒட்டி வருகிறது. உள்ளே இருக்கும் சளிப்படலத்தைத் தொடவே வேண்டாம். அந்தத் தசை, திசுவைக் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் கொலாஜனேஸ் நொதியில் ஊறும்போது இடத்தைவிட்டு நகராதீர்கள். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்க வரிசையில் நின்று ஒரு தொகுதியையே கூழாக்கியவன் நான்.

வளர்ப்பில் சீரம் கூடாது. நார்ச்செல்கள் பாய் விரித்துவிடும். இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிகள், பி27 என்ற ஊட்டக் கலவை, பூச்சில்லாத கிண்ணம். உருண்டையின் நடு கருத்தால் உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், உடனே பிரித்துவிடுங்கள்.

காந்தள்:
நன்றி அண்ணா. அப்படியானால் குப்பிகளைத் தூக்கி எறிந்துவிடவா?

நாணல்:
எறியாதீர்கள். நரம்புகளில் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளின் இரைப்பையில் மூளை நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தியதும் இரைப்பையின் இயக்கம் மேம்பட்டது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. அண்ணன் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டார்.

பழைய பிப்பெட்:
கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சிகிச்சைக்கான கேள்வி, தங்கச்சியுடையது வேறு. குப்பிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும், பிப்பெட் பிடித்துப் பழகவும் உதவும். குட்டிகளின் எண்ணிக்கை விலங்குப் பராமரிப்புக் குழு தந்த அனுமதியில் எழுதியிருக்கும்; வீணானதும் அந்தக் கணக்கில்தான் சேரும். முதலில் சொல்லச் சொன்னது அதனால்தான்.

காந்தள்:
இன்று காலை சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அந்தக் கிண்ணத்தைக் காட்டு என்றார். கொட்டிவிட்டேன் என்றதும்தான் திட்டு விழுந்தது.