ஷீலைட் கல் (டங்ஸ்டன் தாது), குறுஅலை புற ஊதா விளக்கு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. கோலாலம்பூர் செந்தூலில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். "பகாங் ரவூப்பில் தங்கம் எப்படி வந்தது?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் தாத்தா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

தங்கம் எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. பூமிக்குள் 200, 300 டிகிரி சூட்டில் ஓடும் நீரில் அது கந்தகத்தோடு சேர்ந்து கரைந்து வருகிறது. வழியில் பாறையிலுள்ள இரும்பு அந்தக் கந்தகத்தைப் பைரைட்டாக இழுத்துக்கொள்ளும். அல்லது அழுத்தம் சட்டென்று குறைந்து நீர் கொதிக்க, ஹைட்ரஜன் சல்பைடு பிரிந்து போய்விடும். துணை போனதும் தங்கம், பாறை வெடிப்பை நிரப்பும் குவார்ட்ஸ் நரம்பில் படிந்துவிடுகிறது. எவ்வளவு அழகான வேதியியல்!

சில இடங்களில் தங்கத்தோடு சேர்ந்து கிடைக்கும் டங்ஸ்டன் வேறு ஜாதி. ஆக்சிஜனோடு சேர்ந்து டங்ஸ்டேட்டாக வருகிறது. கால்சியம் கிடைத்தால் ஷீலைட், இரும்பும் மாங்கனீசும் கிடைத்தால் வொல்ஃப்ரமைட். ஈப்போ அருகே கிராமட் பூலாயில் தோண்டியது ஷீலைட்தான்.

இப்படி வெவ்வேறு விதமாகப் பயணிக்கும் இரண்டும் சில நாடுகளில் ஒரே நரம்பில் கிடைக்கின்றன. ஒரே நீர் கொண்டுவந்ததா, இரண்டு தடவையாக வந்ததா என்பதைக் கல்லைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? புவியியல் படித்தவர்கள் விளக்குங்கள்.

அப்புறம், ஷீலைட் நீலவெள்ளையாக ஒளிர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு நெடுஅலை, அது போதாது. 254 நானோமீட்டர் குறுஅலை வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு இரவல் தந்தால் ஈப்போவானாலும் நானே வந்து வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.