தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு உடற்கூறு புத்தகம்: எதை வாங்குவது, எந்தப் பக்கத்தை விடுவது?

கமகப்பித்து:

வணக்கம். 12 முதல் 20 வயது வரையுள்ள கர்நாடக வயலின், வாய்ப்பாட்டு மாணவர்களுக்காகக் கேட்கிறேன். ஒரு மணி நேரம் சாதகம் (பயிற்சி) ஆனதும் வயலின் பிள்ளைகளுக்கு இடது கழுத்தோரம் இழுக்கிறது, கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, வலது பாதம் மரத்துப்போகிறது. பாடும் பிள்ளைகளுக்கு நீண்ட சங்கதியில் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும்போது) மூச்சு பாதியிலேயே தீர்கிறது. "நிமிர்ந்து உட்கார்" என்றால் ஐந்து நிமிடம் விறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுபடி பழைய கூன்தான்.

இசைக்கலைஞர்களுக்கென்றே எழுதப்பட்ட உடற்கூறு புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் புரட்டிப் பார்த்தால் எல்லாவற்றிலும் நாற்காலியும் பியானோவும், மேற்கத்திய பாணியில் வயலினைத் தாடையால் பிடிக்க உதவும் தாடைக்கட்டையும்தான். ஒன்றிரண்டு மட்டுமே வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்? சம்மணமிட்டு வாசிப்பவர்களுக்கு அதில் எவ்வளவு தேறும்? வகுப்பிலேயே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

வில்நுனி:

ஒன்றே ஒன்று என்றால் பார்பரா கோனபிள் எழுதிய 'வாட் எவ்ரி மியூசிஷியன் நீட்ஸ் டு நோ அபவுட் த பாடி'. மெல்லிய புத்தகம், எங்கு திறந்தாலும் படம். 'பாடி மேப்பிங்' (நம் உடலைப் பற்றி மனதில் உள்ள வரைபடத்தைத் திருத்துவது) எனும் இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செலோ கற்பித்த வில்லியம் கோனபிள். மாணவர்கள் மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மடங்குவதில்லை, எங்கே இருப்பதாக நினைக்கிறார்களோ அங்கே மடங்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயம். மொத்தப் புத்தகமும் அந்த ஒரு வரியின் விரிவுதான்.

வகுப்பில் செய்து பாருங்கள். "தலை முதுகெலும்பின் மேல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, விரலால் தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் பிடரிக்குக் கீழே, சட்டைக் காலர் படும் இடத்தில் துருத்தும் எலும்பைக் காட்டுவார்கள். அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. தலை உட்கார்ந்திருக்கும் இடம் அதற்கு வெகு மேலே, இரண்டு காதுக்கும் நடுவே. இரண்டு ஆள்காட்டி விரலையும் காது மடலுக்குப் பின்னால் உள்ள குழியில் வைத்துக்கொண்டு, "ஆமாம்" என்று ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் தலையாட்டச் சொல்லுங்கள். விரல்களை இணைக்கும் கோடுதான் அச்சு. விரல் பலகையைக் குனிந்து பார்க்கும் பிள்ளை இந்த அச்சில் தலையைச் சாய்த்தால் கழுத்து நீளமாகவே இருக்கும். சட்டைக் காலர் படும் அந்த முள்ளெலும்பில் மடக்கினால் நாலரை, ஐந்து கிலோ தலை முன்னால் போய்த் தொங்கும். அதைக் கழுத்தின் பின்தசைகள் கச்சேரி முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனோடு இடப்பக்கச் சாய்வும் சேரும்போது நீங்கள் சொல்லும் இடது கழுத்து இழுப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது இடுப்பு. இங்கே தமிழே நமக்குக் குழி பறிக்கிறது. பாவாடை நாடா கட்டுவதும் இடுப்பில், குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்பில், தொடையெலும்பு பொருந்துவதும் "இடுப்பு மூட்டு". "இடுப்பிலிருந்து முன்னே சாய்" என்றால் பிள்ளை நாடா கட்டும் இடத்தில் மடங்கும். அங்கே அந்த மூட்டே கிடையாது, கீழ்முதுகு முள்ளெலும்புகள்தான் வளைகின்றன. அசல் மூட்டு தொடை இடுக்கில் ஆழத்தில் இருக்கிறது. விரலைத் தொடை இடுக்கில் வைத்து, "இந்த மடிப்பு ஆழமாகட்டும், தொப்புள் சுருங்க வேண்டாம்" என்று சொல்லிச் சாயவிடுங்கள். "நிமிர்ந்து உட்கார்" என்பதைவிட இது பத்து மடங்கு வேலை செய்யும்.

நாற்காலி பிரச்சினைக்கு வருகிறேன். புத்தகம் சமநிலைக்கு ஆறு இடங்களைச் சொல்கிறது: தலை முதுகெலும்பைச் சந்திக்கும் இடம், கைகளின் அமைப்பு, இடுப்புப் பகுதி முதுகெலும்பு, தொடை மூட்டு, முழங்கால், கணுக்கால். சம்மணத்தில் கடைசி இரண்டும் எடை தாங்குவதில்லை. அந்தப் பக்கங்களை விட்டுவிடலாம். மீதி நான்கும் அப்படியே பொருந்தும். சொல்லப்போனால், காலூன்றிச் சமாளிக்கும் வசதி இல்லாததால் தரையில் தொடை மூட்டின் பங்கு இன்னும் கூடுதல்.

வயலினுக்கென்றே ஜெனிஃபர் ஜான்சன் எழுதிய 'வாட் எவ்ரி வயலினிஸ்ட் நீட்ஸ் டு நோ அபவுட் த பாடி' 2009இல் வந்தது. தாடைக்கட்டை, தோள்தாங்கி பற்றியவை நமக்குத் தேவையில்லை. வயலின் தலை கணுக்காலில் நிற்கிறது, அடிப்பாகம் மார்பில் சாய்கிறது, அந்தத் தொல்லையே இல்லை. ஆனால் கை பற்றிய பகுதி தங்கம். அதிலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, கை தோளில் தொடங்குவதில்லை. காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேர்ந்ததுதான் கை. உடற்கூட்டோடு கை எலும்பால் இணையும் ஒரே மூட்டு தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம். இடது விரலை அங்கே வைத்துக்கொண்டு வலது கையால் வில்லை அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்கள். விரலுக்கடியில் சின்ன உருளல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிள்ளை தோளைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கிறது. "தோளைத் தூக்காதே" என்று சொல்லிச் சொல்லி நாம் வரவழைத்த வியாதி அது.

இரண்டு, முன்கை திருப்பம். உள்ளங்கை மேலே பார்க்க முன்கையை மேசையில் வைத்து, கவிழ்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா சுழலாமல் கிடக்க, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் அதன் மேல் குறுக்காக வந்து படுக்கும். கட்டைவிரல் பக்கத்தை அச்சாக நினைப்பவர்கள் கவிழ்த்ததும் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் ஒடிப்பார்கள். அதே ஒடிப்போடு விரல்களை வேகமாக ஓட்டினால் தசைநாண்கள் வளைந்த பாதையில் உராயும். மணிக்கட்டு வலி பல நேரம் இந்த ஒடிப்பில் தொடங்குகிறது.

உட்காரும்எலும்பு:

இயன்முறை மருத்துவப் பார்வையில் சில சேர்க்கைகள். பாதம் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் முதுகு காரணமில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஒரு எலும்பு உருண்டை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிப் பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. சம்மணத்தில் அந்த இடம் தரையிலோ மற்ற காலிலோ அழுந்தினால் பாதத்தின் மேற்புறம் மரக்கும். நீண்ட நேரம் அழுந்தினால் பாதத்தை மேலே தூக்குவதே கடினமாகும். அந்த உருண்டை தரையைத் தொடாமல், அதற்குக் கீழே கெண்டைக்காலுக்கு ஒரு மடித்த துண்டு கொடுங்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை கால் நீட்டச் சொல்லுங்கள். வயலின்காரர்கள் காலை மாற்றிப் போட முடியாது, வலது காலில் வாத்தியம் இருக்கிறது. அதனால் நீட்டுவது அவர்களுக்குத்தான் கட்டாயம்.

கூனுக்கு: முழங்கால்கள் தொடை இடுக்கைவிட உயரத்தில் நின்றால் இடுப்பெலும்பு பின்னால் உருளும், அதன் மேல் உள்ள முதுகு கூன் போடும். அந்த நிலையில் "நிமிர்" என்றால் முதுகுத் தசை மட்டும்தான் நிமிர்த்த முடியும், அது ஐந்து நிமிடத்தில் களைத்துவிடும். செய்ய வேண்டியது இது. ஜமுக்காளத்தை 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்கு மடியுங்கள். பிட்டத்தில் தரையை அழுத்தும் இரண்டு எலும்பு முனைகளும் அதன் மேல் இருக்கட்டும், தொடை வெளியே இருக்கட்டும். தொடையும் மேலே ஏறிவிட்டால் முழங்காலும் சேர்ந்து உயரும், பயனில்லை. பிறகு அந்த முனைகளின் மேல் முன்னும் பின்னும் மெல்ல உருண்டு, முதுகுத் தசை தளரும் நடுப்புள்ளியில் நிற்கட்டும். முழங்கால் இன்னும் அந்தரத்தில் நின்றால் அதற்கடியில் சுருட்டிய துண்டு. அந்தரத்தில் தொங்கும் முழங்காலை உள்தொடை இழுத்துப் பிடிக்கும், அது முதுகுக்கு ஏறும்.

எந்தப் புத்தகமும் சரிசெய்யாதவை: இரவில் எழுப்பும் விரல் மரப்பு, கட்டை விரல் முதல் மோதிர விரலின் பாதிவரை மரத்தல், சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தல், பொருள் கைநழுவுதல். கட்டைவிரல் பக்க மரப்புக்குக் காரணம் மணிக்கட்டுச் சுரங்கத்தில், ஒன்பது தசைநாண்களுக்கு நடுவே நெரிபடும் மீடியன் நரம்பு. சுண்டுவிரல் பக்க மரப்புக்குப் பெரும்பாலும் முழங்கையில் அல்னார் நரம்பு. மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் சாதகம்.

மந்தரஸ்தாயி:

பாடகர்களுக்கு மெலிசா மால்டே, மேரிஜீன் ஆலன், கர்ட்-அலெக்சாண்டர் செல்லர் மூவரும் எழுதிய 'வாட் எவ்ரி சிங்கர் நீட்ஸ் டு நோ அபவுட் த பாடி'. ஆப்பரா உச்சரிப்பு பற்றியதைத் தாண்டிப் போங்கள், மூச்சு பற்றியதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

"அடிவயிற்றிலிருந்து பாடு" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். சொல்லின் நோக்கம் சரி, ஆனால் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வயிற்றை இறுக்கித் தள்ளும். காற்று வயிற்றுக்குப் போவதே இல்லை. நுரையீரலின் உச்சி காறை எலும்புக்குச் சற்று மேல்வரை போகிறது, அடி விலாக்கூட்டுக்குள்ளேயே முடிகிறது. விலாக்கூட்டின் அடியில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்கும்போது குடல், இரைப்பை எல்லாம் கீழும் முன்னும் தள்ளப்படுகின்றன. வயிறு புடைப்பது அதனால்தான். வயிறு கல்லாக இருந்தால் அவை போக இடமில்லை, உதரவிதானம் இறங்காது, பிள்ளை காறை எலும்பைத் தூக்கி மேல்மூச்சு வாங்கும். கூன் போட்டு உட்கார்ந்தாலும் இதே கதிதான், விலாக்கூடு வயிற்றின் மேல் உட்கார்ந்துவிடும். உங்கள் மாணவர்களின் பாதிச் சங்கதி மூச்சு இங்கேதான் போகிறது.

சோதனை: ஒரு பிள்ளை தன் இரு கைகளையும் அடுத்த பிள்ளையின் முதுகில், கடைசி விலாக்களின் மேல், கட்டைவிரல்கள் முதுகெலும்பைப் பார்க்க வைக்கட்டும். பாடும் பிள்ளை காற்றை முழுதாக "ஸ்ஸ்" என்று விட்டுவிட்டு, தானாக மூச்சு வரும்வரை பொறுக்கட்டும். இழுக்க வேண்டாம், வரவிட வேண்டும். கட்டைவிரல்கள் விலகினால் சரி. விலா முள்ளெலும்போடு மூட்டுப் போட்டிருப்பது முதுகில், அங்கே அசைவில்லாமல் முன்னால் எவ்வளவு தூக்கினாலும் பாதி மூச்சுதான்.

தாளம் போடும் கையையும் பாருங்கள். தொடையில் தட்டுவது முழங்கையிலிருந்து நடக்க வேண்டிய வேலை. தோளையே தூக்கிப் போட்டால், காறை எலும்பிலிருந்து காதுக்குப் பின்னால் ஏறும் தசை ஒவ்வொரு தட்டுக்கும் இறுகும். குரல்வளை அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது.

சந்தேகப்பேர்வழி:

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் பாடி மேப்பிங் ஆட்கள் எல்லா வலிக்கும் "வரைபடம் தப்பு" என்று கை காட்டுவது கொஞ்சம் ஓவர். மார்கழி வருகிறது என்று ஒரு மணி நேரச் சாதகத்தை ஒரே வாரத்தில் நாலு மணி நேரமாக்கினால், மூட்டு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவருக்கும் தசைநாண் வீங்கும். அந்தப் பக்கத்தைப் படிக்க ஜேனட் ஹோர்வத் எழுதிய 'பிளேயிங் லெஸ் ஹர்ட்'. மின்னசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் செலோ வாசித்தவர். சாதக நேரத்தை எப்படி ஏற்றுவது, எங்கே இடைவெளி விடுவது என்பதில் அவர் கறார்.

காரண காரியத்தோடு வேண்டுமென்றால் ஆலன் வாட்சனின் 'த பயாலஜி ஆஃப் மியூசிகல் பெர்ஃபார்மன்ஸ் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்-ரிலேட்டட் இஞ்சுரி', 2009. தோரணை, கை, மூச்சு, குரல், மூளை எல்லாம் இருக்கிறது. ஆசிரியருக்கு நல்லது, 12 வயதுப் பிள்ளைக்குத் தலையணையாகத்தான் பயன்படும்.

அலெக்சாண்டர் டெக்னிக்கை உருவாக்கிய எஃப். எம். அலெக்சாண்டரின் 'த யூஸ் ஆஃப் த செல்ஃப்' (1932) வாங்கச் சொல்லி யாராவது வந்தால் முதல் அத்தியாயம் போதும். மேடைக் கலைஞரான அவர், குரல் கம்மியபோது கண்ணாடி முன் நின்று தன் தலையும் கழுத்தும் என்ன செய்கின்றன என்று பார்த்த விவரம். படம் கிடையாது, வாக்கியங்கள் கூட்ஸ் வண்டி நீளம்.

மாறாக, தரையில் உட்காரும் நமக்குப் பொருந்துவது ஃபெல்டன்கிரைஸின் 'அவேர்னஸ் த்ரூ மூவ்மென்ட்'. 12 பாடங்கள், பெரும்பகுதி தரையிலேயே. இடுப்பெலும்பின் பின்புறத்தில் கடிகார முகம் வரைந்திருப்பதாக நினைத்து மணி மணியாக உருட்டும் பாடம் ஒன்று உண்டு. சம்மணத்துக்கு முன் பத்து நிமிடம் அதைச் செய்தால் உட்காரும் முனைகள் எங்கே என்று தேட வேண்டியிருக்காது. படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ஒருவர் நிதானமாக வாசித்து, போனில் பதிவுசெய்து ஓடவிடுங்கள். வலிக்கும் எல்லைவரை இழுப்பது தப்பு, பாதி அளவுக்குள் மெதுவாக. யோகாசனம் செய்த பிள்ளைகள் இதில்தான் சொதப்புவார்கள்.

கமகப்பித்து:

எல்லோருக்கும் நன்றி. ஜமுக்காள மடிப்பை முயன்றோம். கூன் குறைகிறது. ஆனால் 8 செ.மீ. ஏற்றியதும் வயலின் மிகச் செங்குத்தாகிவிடுகிறது, இடது கை வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. கட்டைவிரலால் வயலின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

வில்நுனி:

எதிர்பார்க்க வேண்டியதுதான். மார்பு உயர்ந்தது, கணுக்கால் அங்கேயே இருக்கிறது, சரிவு கூடிவிட்டது. கணுக்காலின் மேல், வயலின் தலைக்கு அடியில், ஒரு பருத்தித் துண்டை மூன்று நான்கு செ.மீ. உயரத்துக்கு மடித்து வையுங்கள். பட்டு, சாட்டின் வேண்டாம், வழுக்கும். வலது பாதத்தை ஒரு சாண் முன்னே தள்ளினாலும் சரிவு குறையும், ஆனால் கை எட்டாத சின்னப் பிள்ளைகள் அதற்காக முன்னே வளைவார்கள். அவர்களுக்குத் துண்டுதான் வழி. இருக்கை உயரத்தையும் 5க்கு இறக்கிப் பாருங்கள்.

கட்டைவிரலுக்கு: வாத்தியத்தைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை என்பதை இப்படிக் காட்டுங்கள். கட்டைவிரலை முழுக்க எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் மட்டும் ச-ப-ச ஜாரு (விரலை எடுக்காமல் வழுக்கிச் செல்வது) நான்கு முறை. வயலின் நகர்ந்தால் கோளாறு கணுக்காலிலும் மார்பிலும், துண்டைத் திருத்துங்கள். நகராவிட்டால் கட்டைவிரலைத் திரும்ப வையுங்கள். அதன் அடிமூட்டு மணிக்கட்டை ஒட்டி இருக்கிறது, உள்ளங்கை விளிம்பில் இல்லை. அங்கிருந்து அசையட்டும். விரல் எளிதாக வழுக்கத் தடவும் தேங்காய் எண்ணெய் காய்ந்துபோயிருந்தாலும் இறுக்குவார்கள், அதையும் பாருங்கள்.

உட்காரும்எலும்பு:

துண்டு வைத்த பிறகு காதோர விரல் சோதனையை ஒருமுறை மறுபடி செய்யுங்கள். சரிவு மாறினால் பார்வைக் கோணமும் மாறும், தலை பழைய இடத்துக்கே போய் மடங்கும். பழைய பதிப்பு கிடைத்தால் கோனபிளை அதிலேயே வாங்குங்கள். எலும்பு பதிப்புக்குப் பதிப்பு மாறாது.