குன்னூரில் பழைய வீடு: பொறியாளர் அறிக்கையில் சில்லறைக் குறைகள், பேசிய விலையை மறுபடி பேசலாமா?

மலையேறும் மருமகள்:

வணக்கம். மேல் குன்னூரில் ஒரு பழைய வீட்டை 68 லட்சத்துக்குப் பேசி முடித்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிட்டோம். முன்பணம் 5 லட்சம். மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன், வீட்டு விலையில் 80 சதவீதம். ஆகஸ்ட் கடைசிக்குள் கிரயம் முடிக்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போய் வீட்டைக் காட்டினோம். தலைபோகிற குறை எதுவும் இல்லை என்றார். அறிக்கையில் எழுதியிருப்பவை: தகரக் கூரையில் கொக்கி ஆணி ஓட்டைகள் துருப்பிடித்துள்ளன, பழுது பார்க்க 70,000. இரண்டு அறைகளில் பழைய மின்கம்பி, எர்த் இல்லை, 55,000. கணப்புப் புகைக்கூண்டின் அடியில் ஒழுகிய கறை, 15,000. பின்னறைச் சுவரில் இடுப்பளவு ஓதம் (ஈரம் ஏறியிருக்கிறது), உப்புப் பூத்திருக்கிறது, மறுபூச்சுக்கு 60,000. ஆக மொத்தம் 2 லட்சம். கடைசியில் ஒரு வரி: பின்புறத் தடுப்புச் சுவரில் வெடிப்பு, கவனித்து வரவும். அதற்குத் தொகை எதுவும் போடவில்லை.

என் கணவர் 2 லட்சத்தைக் குறைத்துக் கேட்டே ஆக வேண்டும் என்கிறார். மாமியாரோ பேசி முடித்த விலையில் கைவைப்பது நம் குடும்பத்துக்கு அழகில்லை என்கிறார். விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தனியாக இருக்கிறார். முதல் நாளே கூரையைக் காட்டி, "இது பழைய தகடு அம்மா, அதைப் பார்த்துத்தான் விலை சொன்னேன்" என்றவர். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்கத்தான் வேண்டுமா?

அருவங்காட்டான்:

கேட்டால் குடியா முழுகிவிடும்? 4 லட்சம் குறைக்கச் சொல்லுங்கள், 2 லட்சத்துக்கு வந்து நிற்பார். மலையில் பழைய வீடு வாங்க ஆள் வரிசையில் நிற்பதாகத் தரகர்கள்தான் சொல்வார்கள். அறிக்கை கையில் இருக்கும்போது பேசாவிட்டால் பிறகு எப்போது பேசுவது?

கோத்தகிரி மேஸ்திரி:

விலையைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் சிலவற்றைச் சொல்லுங்கள். ஓதம் வந்த சுவர் மண் திட்டை வெட்டிய பக்கமா, பள்ளத்தாக்குப் பக்கமா? தடுப்புச் சுவர் கருங்கல்லா, ஹாலோபிளாக்கா? வெடிப்பு மேலிருந்து கீழா, படுக்கைவாட்டிலா? சுவருக்கு வயிறு தள்ளியிருக்கிறதா? அதில் தண்ணீர் வடிகிற துளைகள் திறந்திருக்கின்றனவா? பொறியாளர் எந்த மாதம் வந்தார்?

மலையேறும் மருமகள்:

மேஸ்திரி ஐயா, நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். ஓதம் திட்டுப் பக்கத்துச் சுவரில்தான். தடுப்புச் சுவர் கருங்கல், என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். வெடிப்பு மேலிருந்து இறங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. என் சுண்டுவிரல் நகம் நுழைகிற அகலம். வயிறு தள்ளவில்லை, நூல் பிடித்துப் பார்த்தேன். துளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யாரோ கல் இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசும்போது எல்லாவற்றையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. குச்சியை விட்டால் முழங்கை ஆழத்துக்கு மண்ணும் சருகும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் அதில்தான் முடிகிறது. பொறியாளர் வந்தது ஏப்ரலில்.

கோத்தகிரி மேஸ்திரி:

நினைத்தேன். அறிக்கையில் ஓதமும் வெடிப்பும் தனித்தனி வரிகளில் இருக்கின்றன. காரணம் ஒரே தண்ணீர். கூரையில் விழுவதும் திட்டிலிருந்து கசிவதும் வாய்க்காலில் ஓட வழியில்லாமல் நிற்கின்றன. ஒரு பக்கம் வீட்டுச் சுவர் அதைக் குடிக்கிறது. இன்னொரு பக்கம் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண் ஊறிக் கனத்து முன்னால் தள்ளுகிறது. துளைகளையும் அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்?

அதனால் 60,000 செலவழித்து மறுபூச்சு போடுவதை அப்படியே நிறுத்தி வையுங்கள். அந்தக் காலத்து வீடு என்றால் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருப்பார்கள். அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, இடுப்பளவில் நிற்பது ஜன்னல் உயரத்துக்கு ஏறும். இன்னொரு முறை சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வெடிப்புக்கு வருகிறேன். அதன் கீழ்நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் காரை வைத்து ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி விரிசல் விடும். ஏப்ரலில் பார்த்த பொறியாளர் மீது குறையில்லை, காய்ந்த சுவர் யாரிடமும் எதுவும் சொல்லாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பரீட்சை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழையில் இந்தச் சுவர் நின்றதா, அதற்குப் பிறகு கட்டியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அறிக்கையில் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும்.

சுவரையே பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் அது சில்லறை வேலை இல்லை. இந்த மாவட்டத்தில் மண் வெட்டவும் பொக்லைன் இறக்கவும் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மணலும் சிமெண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர வேண்டும். நீங்கள் விலை பேசுவதாக இருந்தால் பேச வேண்டிய இடம் இது ஒன்றுதான். கூரையை அவரே காட்டிவிட்டார், அதை மறுபடி அவரிடம் விற்காதீர்கள்.

கணக்குப் பார்க்கிறவன்:

மேஸ்திரி சுவரைப் பார்த்தார், நான் உங்கள் கணவரின் 2 லட்சத்தைப் பார்க்கிறேன். விலை 68 லட்சம் என்றால் 80 சதவீதக் கடன் 54.4 லட்சம், உங்கள் பங்கு 13.6 லட்சம். விலை 66 லட்சம் ஆனால் கடன் 52.8 லட்சம், உங்கள் பங்கு 13.2 லட்சம். கையில் மிஞ்சுவது 40,000. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்றால் அதில் 18,000 மிச்சம். அதுவும், இடத்துக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 66 லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால்தான். ஆக, சண்டை போட்டு வாங்கும் 2 லட்சத்தில் இப்போது கைக்கு வருவது 58,000. பழுது வேலைக்கு இப்போது வேண்டியதோ ரொக்கமாக 2 லட்சம். கடனில் குறையும் 1,60,000 தவணைக் குறைப்பாகவும் வட்டி மிச்சமாகவும் பல வருடங்களில் வந்து சேரும். நல்லதுதான், ஆனால் அதை வைத்து இந்த ஐப்பசிக்கு மேஸ்திரிக்குக் கூலி கொடுக்க முடியாது.

விற்பவர் தன் செலவில் ஒரு வேலையைச் செய்து கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் உங்களுக்கு மிச்சம். ஆகவே "எவ்வளவு குறைப்பீர்கள்" என்பதை விட "எதைச் செய்து தருவீர்கள்" என்று கேட்பதே லாபம். விலையைக் குறைக்காமல் 2 லட்சத்தைத் தனியாக ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 68 லட்சத்தின் பேரில்தான் வங்கி கடன் கொடுக்கிறது, அது அவர்களை ஏமாற்றுவதாகும்.

வீடு விற்றவன்:

கோத்தகிரியில் என் அப்பா கட்டிய வீட்டை விற்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. வாங்க வந்தவர் அறிக்கை முழுவதையும் அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை எழுதி நீட்டினார். குளியலறைத் தாழ்ப்பாள் கூட அதில் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்த பிறகு நியாயமான வரிகள் கூட என் கண்ணில் படவில்லை. ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அதே விலைக்கு வேறொருவர் வாங்கினார். தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறது, அதை மட்டும் சரிசெய்து தாருங்கள் என்றார் அவர். மறுநாளே ஆள் விட்டுச் செய்தேன்.

அருவங்காட்டான் சொல்வது போல 4 லட்சத்தில் ஆரம்பித்தால் ஆசிரியர் உங்களையும் தரகர் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்.

அருவங்காட்டான்:

நான் சொன்னது பேரம். அதற்குக் கூச்சப்பட்டால் சந்தையில் உருளைக்கிழங்கு கூட வாங்க முடியாது. ஆனால் அந்த 58,000 கணக்கு எனக்கும் புதிது, மறுக்கவில்லை.

வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா:

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியவராத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். கூரையும் ஓதமும் கண்ணுக்குத் தெரிபவை. வெடிப்பும் அப்படியே. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்ட இங்கே இடமில்லை, மிரட்டவும் வேண்டாம்.

உங்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது கெடு தவறினால் முன்பணம் என்னாகும் என்ற பத்தி. பழுது பற்றிப் பேசிக்கொண்டே ஆகஸ்டைத் தாண்டிவிட்டால் 5 லட்சத்துக்கு ஆபத்து வரலாம். எது முடிவானாலும் துணை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, யார் செலவு, எந்தத் தேதிக்குள், தேவைப்பட்டால் கிரயத்துக்கு எத்தனை நாள் நீட்டிப்பு. எழுதுவதை உங்கள் வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். கிரயப் பத்திரத்தில் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதிவிட்டு, கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இரு தரப்புக்கும் தலைவலி, அதைச் செய்யாதீர்கள்.

கோத்தகிரி மேஸ்திரி:

ஒன்றைச் சேர்க்கிறேன். விற்பவர் செய்து தருவார் என்றாலும் ஆளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போகிறவர் மலிவான ஆளைத்தான் கூப்பிடுவார், அது மனித இயல்பு. துளையைத் திறக்கச் சொன்னால் உளியால் இரண்டு அங்குலம் கொத்திவிட்டுப் போவான். கம்பியை விட்டால் பின்னால் இருக்கும் மண் வரை போக வேண்டும்.

மலையேறும் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆசிரியரிடம் பேசினோம். கூரை, மின்கம்பி, புகைக்கூண்டு எதையும் எடுக்கவில்லை. மாமியாரும் உடன் வந்தார், அதுவே பாதி வேலையைச் செய்துவிட்டது. வாய்க்காலையும் துளைகளையும் மட்டும் காட்டினோம். அவர் குச்சியை வாங்கி விட்டுப் பார்த்தார். தன் மனைவி இருந்தவரை வருடா வருடம் ஆடியில் ஆள் வைத்து வாரியதாகவும், பிறகு விட்டுப்போனதாகவும் சொன்னார். சுவர் 2009 மழைக்கு முன்பே கட்டியது, அப்போது அசையவில்லை. பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

வாய்க்கால் தூர்வாரி, துளைகளைத் திறந்து, கூரைக் குழாயைத் தெரு வடிகால் வரை நீட்டும் வேலை அவர் செலவு, ஆள் எங்களுடையது. விலை 68 லட்சத்திலேயே நிற்கிறது. கிரயத்துக்கு முன் பொறியாளர் ஈரக் காலத்தில் ஒரு முறை வந்து கண்ணாடித் துண்டைப் பார்ப்பார். அது விரிசல் விட்டிருந்தால் கெடுவை நீட்டித்து விலையை மறுபடி பேசலாம் என்று துணை ஒப்பந்தத்தில் எழுத ஆசிரியரே சம்மதித்தார். கணவருக்கு 2 லட்சத்தின் மீது இன்னும் ஆதங்கம் இருக்கிறது. 58,000 கணக்கைக் காட்டியிருக்கிறேன்.

ஒரே சந்தேகம்: வாய்க்கால் வேலை முடிந்ததும் உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சை உடனே போடலாமா?

கோத்தகிரி மேஸ்திரி:

வேண்டாம் அம்மா. பழைய சிமெண்ட் பூச்சை மட்டும் ஓதம் ஏறிய உயரத்துக்கு ஒரு முழம் மேல் வரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், வெயில் நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புப் பூத்தால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். அடுத்த பங்குனி, சித்திரையில் கையை வைத்துப் பார்த்துக் காய்ந்திருந்தால் பூசலாம். மின்கம்பி வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எர்த் இல்லாத அறையில் கெய்சர் மாட்டிவிடாதீர்கள்.