ரத்தச் சோதனை ஒண்ணு பாசிட்டிவ், ஒண்ணு நெகட்டிவ்: எதை நம்புறது?

லெட்சுமி_சுங்கைபட்டாணி: வீட்டுக்காரர் கூலிம் பக்கம் ஒரு பேக்டரியில பெரிலியம்ங்கிற உலோகம் கலந்த செம்பை லேத்தில கடையிறார். பச்சை மூடி டியூப்ல ரத்தம் எடுத்தாங்க. முதல் தாள்ல பெரிலியம் ஒவ்வாமை ‘உண்டு’, ரெண்டாவதுல ‘இல்லை’. “ரெண்டாவதுதான் சரி, வேலைக்குப் போங்க”ன்னு கம்பெனி சொல்லுது.

பழைய_மண்டோர்: ஒரே ஆளுக்கு ரெண்டு பதில் சொல்றதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? அதுக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாம்.

லேப்_மாறன்: அப்படித் தள்ளாதீங்கண்ணே. இது சர்க்கரை பார்க்கிற மாதிரி இல்ல. ரத்தத்துல உள்ள வெள்ளணுவைப் பெரிலியம் உப்போட சில நாள் வளர்த்து, பெருகுதான்னு பார்க்கணும். அணு உயிரோட லேப்புக்கு வந்து சேரணும். வேன் வெயில்ல நின்னா போச்சு. 2004-ல வந்த அமெரிக்க ஆய்வுல தவறான பாசிட்டிவ் 1.09 சதவீதம், தவறான நெகட்டிவ் 27.7 சதவீதம். சந்தேகப்பட வேண்டியது ரெண்டாவது தாளை.

பழைய_மண்டோர்: கணக்கு எனக்கும் வரும் தம்பி. 1000 பேர்ல 20 பேருக்குத்தான் நிஜமா ஒவ்வாமைன்னு வை. அதுல 14 பேர் மாட்டுவாங்க. மீதி 980 பேர்ல 11 பேருக்குச் சும்மாவே பாசிட்டிவ் வரும். 25 பேரைப் பயமுறுத்தி, அதுல 11 பேருக்கு ஒண்ணுமே இல்ல.

லேப்_மாறன்: சரியான கணக்கு. அதனாலதான் ஒரு பாசிட்டிவை வச்சு முடிவு கட்டாம ரெண்டாவது தடவை எடுக்கிறாங்க. ஆனா ஒண்ணு உண்டு, ஒண்ணு இல்லன்னா மூணாவது எடுக்கணும். நெகட்டிவை மட்டும் பொறுக்கிக்கிட்டு ஆளை அனுப்புறது எந்த ஊர் நியாயம்?

ரவாங்_பொண்ணு: குறுக்க பேசுறேன், எனக்கு நிக்கல் பட்டாலே கை அரிக்குது. இதே டெஸ்ட்டா?

லேப்_மாறன்: இல்லம்மா. அதுக்கு முதுகுல ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட். தோல் டாக்டர்கிட்ட போங்க.

பழைய_மண்டோர்: மூணாவதும் பாசிட்டிவ்னா நோயாளியா?

லேப்_மாறன்: ஒவ்வாமை வேற, பெரிலியம் தூசியால வர்ற நுரையீரல் நோய் வேற. மூச்சு அளவு, ஸ்கேன், தேவைப்பட்டா குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்துத்தான் நோய்னு சொல்வாங்க. எப்படியும் அந்தத் தூசிலேர்ந்து முதல்ல விலகணும்.

பழைய_மண்டோர்: எங்க தோட்டத்துல மருந்தடிச்ச பொம்பளைங்களுக்கு ரத்தமே எடுக்கல. சரி, மூணாவதையும் எடுக்கச் சொல்லும்மா. நாலு நம்பர்னு சொன்னது மட்டும் மாறாது.

லெட்சுமி_சுங்கைபட்டாணி: வியாழக்கிழமை ரெண்டு தாளையும் எடுத்துக்கிட்டு நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போறோம். ஒண்ணு முதல்லயே எழுதியிருக்கணும்: நாங்க இருக்கிறது மூணாவது மாடி. தைப்பூசத்துலேர்ந்து அவர் நின்னு நின்னுதான் ஏறுறார்.