பழைய ரிசீவருக்குப் பதிலா 600 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) என்ன வாங்கலாம்? (பெஸ்தாரி ஜெயா)

பெர்ஜுந்தை_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. ஹால்ல இருக்கிற ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் அம்ப்ளிஃபையரும் ஒண்ணா உள்ள பெட்டி) தகராறு பண்ணுது. சத்தத்தைக் குறைச்சு வெச்சா இடது பக்கம் காணாமப் போயிடுது, கூட்டினா பட்டுனு திரும்பி வருது. 20 வருஷத்துச் சாமான், மாத்திடலாம்னு இருக்கேன். ஸ்பீக்கர் நல்லா இருக்கு. புக்‌ஷெல்ஃப் ஜோடி, பின்னாடி 6 ஓம், 86 டெசிபெல்னு போட்டிருக்கு. சாதாரண தாமான் வீட்டு ஹால், உட்கார்ற இடத்துக்கு 3 மீட்டர். டிவி (ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி டப்பா அதுலதான் இருக்கு), கைப்பேசி புளூடூத், மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி, இந்த மூணும் ஓடினா போதும். ஷாப்பி இணையக் கடையில 600 வாட்டுன்னு போட்டு 150 வெள்ளிக்கு விக்கிறாங்க. ஜப்பான் பழைய சாமான் கடையிலயும் பெரிய பெரிய பெட்டியா அடுக்கி வெச்சிருக்காங்க. எதை எடுக்கிறது?

ஈயப்பற்று:
வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க சொல்ற அறிகுறி அப்படியே ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கருக்குப் போற வழியைத் தானா இணைக்கிற சின்ன சுவிட்சு. உள்ள இருக்கிற தொடுமுனையில கருப்பா ஒரு படலம் பிடிச்சிடும். சத்தம் கம்மியா இருக்கும்போது போற மின்சாரம் அதைத் தாண்டாது, கூட்டினா உடைச்சிட்டுப் போகும். ஆன் பண்ணி சில விநாடி கழிச்சு 'டக்'குனு கேக்குதே, அதுதான் ரிலே.

முதல்ல இடது வலது ஸ்பீக்கர் வயரை அம்ப்ளிஃபையர் பக்கம் மாத்திப் போடுங்க. சத்தம் காணாமப் போறது இப்போ வலது ஸ்பீக்கருக்கு மாறினா கோளாறு பெட்டியிலதான். மாறாம அதே ஸ்பீக்கர்லயே நின்னா வயரையோ ஸ்பீக்கரையோ பாருங்க. பெட்டியிலன்னு தெரிஞ்சா பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷமாவது விட்டு, பெரிய கெப்பாசிட்டர் ரெண்டுலயும் வோல்ட் இறங்கிடுச்சான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். ரிலே மேல 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு எழுதியிருக்கும். அதே வோல்ட், அதே கால் அமைப்பு, அதுக்குக் குறையாத ஆம்பியர்ல ஒண்ணு கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகள்ல கேளுங்க, சில்லறைக் காசுதான். மணல் தாளால தேய்க்கிற வேலை மட்டும் வேணாம். மேல்பூச்சு போயிடும், சீக்கிரமே பழைய கதைதான்.

ரிலே மாத்தியும் சரியாகலன்னா அப்புறம் 600 வெள்ளியை எடுங்க.

வாட்_கணக்கு:
ரிலே விஷயம் சரி. ஆனா புளூடூத்துக்கு அந்தப் பெட்டியில வழி இருக்காதே. அதனால கேள்விக்கே வரேன்.

600 வாட்டுன்னு அட்டையில போட்டிருக்கிறதை நம்பாதீங்க. கூட வர்ற அடாப்டரைப் பாருங்க. 24 வோல்ட், 4.5 ஆம்பியர்னா மொத்தமே 108 வாட். உள்ள போறது அவ்வளவுதான், வெளியே 600 எங்கிருந்து வரும்? இந்த மாதிரி சில்லு அம்ப்ளிஃபையருக்குக் கணக்கு சுலபம்: வோல்ட்டை வோல்ட்டாலயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்மோட ரெண்டு மடங்கால வகுக்கணும். உங்க 6 ஓம்முக்கு 24 வோல்ட்ல 48 வாட், 32 வோல்ட்ல 85 வாட். இது உச்சவரம்பு, உள்ள கொஞ்சம் சேதாரம் போகும்.

உங்களுக்கு எவ்வளவு வேணும்? 86 டெசிபெல்ங்கிறது கிட்டத்தட்ட 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல கிடைக்கிற சத்தம். வாட் ரெண்டு மடங்கானா 3 டெசிபெல்தான் கூடும். 16 வாட்டுக்கு 98, 32 வாட்டுக்கு 101. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுற அளவுக்கு அதுவே போதும்.

என் தேர்வு டிபிஏ3255 சில்லு உள்ள சின்னப் பெட்டி, 32 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரோட. ஃபோசி வி3, ஐயிமா ஏ07 ரெண்டும் இந்த ரகம். புளூடூத் உள்ள மாடலா, அடாப்டர் சேர்த்து விக்கிறாங்களான்னு கேட்டு வாங்குங்க, சில பேர் பெட்டியை மட்டும் அனுப்பிடுவாங்க. அடாப்டர்ல சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கணும், பிளக்கும் நம்ம மூணு முள்ளா இருக்கணும். ரெண்டு முள்ளு பிளக்கைப் பேனாவால குத்திச் சொருகுற பழக்கம் இதுக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டியில மைனஸ் முனை எர்த் கிடையாது. ரெண்டு பக்க மைனஸையும் ஒண்ணாச் சேர்த்தா சில்லு போயிடலாம். பழைய வயரிங்ல மூணு கம்பியா ஓட்டியிருந்தா அதைப் பிடுங்கிட்டு நாலு கம்பியா போடுங்க. 5 மீட்டர் வரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளம். அலுமினியத்துக்கு மேல செப்பு பூசினதை விலை கம்மின்னு தலையில கட்டப் பார்ப்பாங்க, முனையைச் சுரண்டினா வெள்ளையா தெரியும்.

சாமான்_கடை:
ஜப்பான் பெட்டி ஆசை எல்லாருக்கும் வரும். முதல்ல பின்பக்கத்தைத் திருப்புங்க. 100 வோல்ட்டுன்னு போட்டிருந்தா நம்ம வீட்டு 240-ல சொருகினதுமே ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லன்னா டிரான்ஸ்ஃபார்மரே போகும். இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும், பெட்டி 150 வாட் இழுத்தா 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனாவது வேணும். அந்தக் காசையும் சேர்த்தா மலிவுன்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, அந்த ஊர் பழைய ரேடியோ 76-லேருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பிடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்குல மின்னல் 92.3, ராகா 99.3. ரெண்டுமே வராது லா.

220-240 வோல்ட் பெட்டி செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா தாராளமா எடுங்க. மீட்டர், சின்ன ஸ்பீக்கர், கைப்பேசியிலேருந்து ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனை) போற வயர் கொண்டு போங்க. ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி, ரிலே 'டக்'குன்னதும் ஸ்பீக்கர் முனையில டிசி (நேர் மின்சாரம்) வோல்ட் அளங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 100-ஐத் தாண்டினா விட்டுட்டு வந்துடுங்க. வால்யூம் குமிழ் கரகரன்னா அழுக்கு, ஸ்ப்ரே அடிச்சாச் சரியாகும். அரை மணி நேரம் பாட விட்டு, வாசனையும் சூடும் பாருங்க.

எச்டிஎம்ஐ கெட்டுப்போன ஏவி ரிசீவரும் மலிவா வரும். ஸ்டீரியோவுக்குப் பிரச்சினை இல்லம்பாங்க. ஆனா சிலதுல சத்தத்தைப் பிரிக்கிற சில்லும் அதே பலகையிலதான் இருக்கு, அதனால ஆர்சிஏ வழியாவும் பாடுதான்னு கேட்காம காசு கொடுக்காதீங்க.

பெர்ஜுந்தை_பையன்:
ரொம்ப நன்றி. ரிலேயை முதல்ல பார்க்கிறேன். சின்னப் பெட்டிதான்னா அம்மா ரிமோட் இல்லாம என்ன செய்வாங்க? குமிழைத் திருக எழுந்து போக மாட்டாங்க.

வாட்_கணக்கு:
டிவியோட ஹெட்ஃபோன் ஓட்டையிலேருந்து ஆர்சிஏ வயர் இழுங்க. பெட்டி வால்யூமைப் பாதியில வெச்சுட்டா டிவி ரிமோட்டாலயே கூட்டலாம், குறைக்கலாம். ஆப்டிகல் வயர்ல எடுத்தா சத்தம் இன்னும் சுத்தம், ஆனா டிஜிட்டலைச் சாதாரண சத்த சிக்னலா மாத்துற டேக் பெட்டி தனியா ஒண்ணு வேணும், பெரும்பாலான டிவியில ரிமோட்டும் வேலை செய்யாது. ஆப்டிகல் போட்டா டிவி செட்டிங்ல பிசிஎம் தேர்ந்தெடுங்க, டால்பியில விட்டா ஊமையா நிக்கும். டிவிக்குப் புளூடூத் மட்டும் வேணாம், வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமா இருக்கும். மின்னலை ஆர்டிஎம் கிளிக் செயலியில, ராகாவை சியோக் செயலியில கைப்பேசியிலேயே கேக்கலாம், ரேடியோ உள்ள பெட்டின்னு தேட வேண்டியதில்ல.

ஈயப்பற்று:
ஆப்டிகலுக்கு இன்னொரு லாபம் இருக்கு. இடி மின்னல் ஆஸ்ட்ரோ தட்டு வயர் வழியாவும் உள்ள வரும். டப்பா, எச்டிஎம்ஐ, டிவி, ஆர்சிஏன்னு வரிசையாப் பிடிச்சிட்டு அம்ப்ளிஃபையர் வரைக்கும் போயிடும். ஆப்டிகல் வெறும் ஒளி, அங்கேயே அறுந்துடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் சாயங்காலம் வானம் கறுத்தா பிளக்கையும் தட்டு வயரையும் பிடுங்கிடுங்க. சுவிட்சை மட்டும் அணைச்சா ஆகாது.

பழைய ரிசீவரைத் திறக்கும்போது பல்லி இருக்கான்னும் பாருங்க. விளக்குக்குக் கீழே வெச்சா பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சூடான டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல முட்டையே போட்டிருக்கும். எச்சம் பட்ட இடத்துல செப்புக் கோடு பச்சை பூத்திருக்கும், ஆல்கஹால்ல பழைய பல் பிரஷை நனைச்சுத் துடைங்க. கோடு அறுந்திருந்தா மேல ஒரு மெல்லிய கம்பி வெச்சு ஈயப்பற்று (சோல்டர்) போட்டுடலாம்.